பட்டம் தப்பும் ஆய்வுகள்

காவிரி டெல்டாவில் அரசு எடுக்கும் முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12. ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரும் வேலை அந்தத் தேதிக்குள் முடிய வேண்டும். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கட்டக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. தமிழக அரசு 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடுகிறது. அதில் ஒரு வரி இடம்பெற வேண்டுமானால் தை பிறப்பதற்குள் கோப்பு சென்னைக்குப் போயிருக்க வேண்டும்.

காலநிலை மாற்றத்துக்கு எப்படித் தகவமைத்துக்கொள்வது என்று சொல்லும் ஆய்வுகளுக்கு இப்படி ஒரு தேதி கிடையாது. நிதி வந்த மாதம் தொடங்குகின்றன. நிதி தீர்ந்த மாதம் முடிகின்றன. நார்வே நாட்டு நிதியுதவியோடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரிப் படுகையில் நடத்திய கிளைமாரைஸ் ஆய்வுகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற மையம் செய்த கணிப்புகள், வெண்ணாற்றுப் படுகைக்காக ஆசிய வளர்ச்சி வங்கியின் திட்டத்தில் போடப்பட்ட நீரியல் கணக்குகள் என்று இந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமல்ல. தரத்திலும் குறையில்லை. ஆனால் இப்படிப்பட்ட அறிக்கைகளில் பல, முடிவெடுப்பவரின் மேசைக்கு அவர் முடிவெடுத்த பிறகு வந்து சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊரில், ஆய்வை மட்டும் எந்தப் பட்டத்தில் வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று எப்படி விட்டுவிட்டோம்?

நான் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிறந்தவன். ஆய்வுக் குழுக்களுக்குக் களப்பணியை ஒருங்கிணைப்பது என் பிழைப்பு. விஞ்ஞானி கேட்பதை விவசாயியிடமும், விவசாயி சொல்வதை விஞ்ஞானியிடமும், இருவர் சொல்வதையும் மாவட்ட அலுவலகங்களிலும் சேர்ப்பது என் வேலை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் திரையில் டெல்டாவின் வரைபடம் ஓடியது. 2050இல் கடலோர வட்டாரங்கள் சிவப்பு நிறத்தில் இருந்தன. வேளாண்மைத் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் கடைசிவரை குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இந்த வட்டாரம் சிவப்பாகும் என்பது புரிகிறது. வருகிற ஆவணிக்கு இந்த வட்டாரத்துக்கு எந்த ரகம் எத்தனை டன் வேண்டும் என்று நான் எழுத வேண்டும்?"

அது தம் ஆய்வின் எல்லைக்குள் வராது என்றார் விஞ்ஞானி. இருவரும் நேர்மையாகவே பேசினார்கள். இருவருக்கும் இந்த நிலத்தின் மேல் அக்கறை உண்டு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு மட்டும் அந்த அறையில் யாருக்கும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

மேட்டூரிலிருந்தே தொடங்குகிறேன். 1934இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, 93.47 டிஎம்சி கொள்ளளவு. ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்குத் தண்ணீர் கிடைக்கும், சம்பாவுக்கு நாற்று விட நேரம் கிடைக்கும், குறுவை அறுத்த வயலில் தாளடி போடலாம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2016இல் செப்டம்பர் 20. 2017இல் அக்டோபர் 2. பிறகு சில ஆண்டுகள் வழக்கத்துக்குத் திரும்பியது; 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் ஜூன் 12இல் திறந்தும் அக்டோபரில் பாசனத்துக்குத் தண்ணீர் நின்றுபோனது. 2024இல் ஜூலை 28 ஆனது.

இந்தத் தாமதங்களை அரசு அலுவலகங்கள் வறட்சிக் கணக்கில் எழுதுகின்றன. எங்கள் பக்கத்தில் அது வெள்ளக் கணக்கும்கூட. டெல்டாவின் பெருமழைகள் ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றன. நிஷா புயல் 2008 நவம்பரில் வந்தது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நிவர் 2020 நவம்பர். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த நாட்களில் வயலில் நிற்கும் பயிரின் வயதுதான் அது பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆவணியில் நட்ட பயிர் கார்த்திகைக்குள் தூர் கட்டி, முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிடும். தண்ணீர் தாமதமாகி ஐப்பசியில் நட்ட பயிர் அப்போது ஒரு சாண்தான் இருக்கும். ஒரே மழை, ஒரே அளவு தண்ணீர்; முதல் வயலில் தோகை தலைகாட்டும், இரண்டாவது வயல் குளமாகும்.

ஆகவே மேட்டூர் எந்தத் தேதியில் திறக்கிறது என்பது நவம்பரில் எத்தனை ஏக்கர் மூழ்கும் என்பதையும் சேர்த்து முடிவு செய்கிறது. அணையின் நீர்மட்டமும் தென்மேற்குப் பருவமழைக் கணிப்பும் மே மாதக் கடைசியில் கைக்கு வந்துவிடுகின்றன. எந்தத் தேதியில் தண்ணீர் வந்தால் எந்த வட்டாரம் நீண்ட காலச் சம்பாவுக்குப் போகலாம், எந்த வட்டாரம் மத்திய கால ரகத்துக்கு மாற வேண்டும், எந்த வட்டாரம் தண்ணீருக்குக் காத்திராமல் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக இப்போதே தெளித்துவிட வேண்டும் என்பதற்கு ஜூன் முதல் வாரத்தில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து மாவட்டவாரியாக இடர்காலப் பயிர்த் திட்டங்களை ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கிறது. கால்வாயில் தண்ணீர் தாமதமானால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நல்ல வேலை. அந்த அட்டவணை சொல்லும் மாற்று ரகத்தின் விதை, தண்ணீர் தாமதமான அந்த வாரத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தின் கிடங்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டவணையை வைத்துக்கொண்டு யாரும் நாற்றங்கால் போட முடியாது.

விதை எப்படி வருகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று அது படிப்படியாகப் பெருகுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம் பிடிக்கும். சம்பாவின் நீண்ட கால ரகங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் விளையும். இந்த ஆவணியில் நாற்றங்காலுக்கு வரும் சான்று விதை, போன ஆண்டு ஆதார விதையாகவும் அதற்கு முந்தின ஆண்டு வல்லுநர் விதையாகவும் இருந்தது. அப்படியென்றால் அந்த அதிகாரி கேட்ட கேள்வி உண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு அதற்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

சப் 1 நெல்லின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். சாதாரண நெற்பயிர் மூழ்கினால், மூச்சுக்குத் தவிப்பதுபோல் மேலே நீள்கிறது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் அந்த நீட்சிக்கே செலவழித்துவிடுகிறது. தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்துக்கு வேறு குணம்: மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அதற்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். 2009இல் சுவர்ணா சப் 1 இந்தியாவில் வெளியானது. நம் ஊருக்கு, சாவித்திரி என்று எல்லோரும் அறிந்த சி.ஆர். 1009 ரகத்தில் அந்த மரபணுவைச் சேர்த்து சி.ஆர். 1009 சப் 1 வந்தது.

மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்த ஒரு சம்பா வயலில், ஒரு வரப்பின் இருபுறமும் இரண்டு ரகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். சாதாரண ரகத்தில் ஒரு தூரைப் பிடித்து இழுத்தால் இலையுறை வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. மறுபக்கம் இலையெல்லாம் சேறு அப்பிக் கிடந்தது, பார்வைக்கு அதுவும் செத்த பயிர்தான். ஆனால் அடித்தண்டை நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே வெளிர்பச்சை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் புதுத் தூர்கள் கிளம்பிவிட்டன. அறிவியல் இவ்வளவு தூரம் நடந்து வந்து ஒரு விவசாயியின் வரப்பில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அதே அறிவியலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். முழுக்க மூழ்கி இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும் வெள்ளத்துக்குத்தான் சப் 1 ஈடுகொடுக்கும். கடைமடையில் பல ஊர்களில் நடப்பது அதுவன்று. பாதிப் பயிர் உயரத்துக்குத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். வளராமல் அடங்கிக்கொள்ளும் குணம் அங்கே உதவாது. அந்த நிலங்களில் நம் முன்னோர் காட்டுயானம், குடவாழை போன்ற நெட்டை நெல்களை வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் திரட்டிய மரபு நெல்கள் வெறும் நினைவுச் சின்னங்கள் அல்ல. அவர் பெயரில் தமிழக அரசு மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் நடத்துகிறது. எந்தத் தேக்கத்துக்கு எந்த நெல் என்று கிராமம் கிராமமாகப் பொருத்திப் பார்க்கும் ஆய்வு அந்த இயக்கத்தோடு சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, விதையும் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். விலை குறுக்கே வருகிறது. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, தமிழக அரசு அறிவித்த விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 20 ரூபாய். மாநிலம் சன்னத்துக்கு 156, பொது ரகத்துக்கு 131 என்று ஊக்கத்தொகை கொடுப்பதால் அது 45 ரூபாய் ஆகிறது. வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 மோட்டா நெல். பொது ரகத்தில்தான் சேரும். சன்ன அரிசியை மக்கள் விரும்புகிறார்கள், அதற்கு ஊக்கம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு துறை வெள்ளத்துக்குத் தாங்கும் நெல்லைப் போடச் சொல்லும்போது இன்னொரு துறையின் விலைப்பட்டியல் வேறு திசையைக் காட்டுகிறது. அந்த 45 ரூபாய் ஒரு தாழ்நில விவசாயியின் ரகத் தேர்வை எவ்வளவு மாற்றுகிறது, தாழ்நிலக் கிராமங்களுக்கு மட்டும் வெள்ளம் தாங்கும் ரகத்துக்குச் சம ஊக்கத்தொகை கொடுத்தால் அரசுக்கு என்ன செலவு, மூழ்கிய பயிருக்கு நிவாரணம் கொடுப்பதில் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், அடுத்த கொள்முதல் விலை அறிவிப்புக்கு முன் நிதித் துறை அதைப் படிக்கும். 2080இன் வெப்பநிலைக் கோட்டை வைத்துக்கொண்டு நிதித் துறை எதுவும் செய்ய முடியாது.

ஈரப்பதம் இன்னொரு வேதனை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் நெல்லை எடுப்பார்கள். நாடு முழுமைக்குமான விதி அது. பஞ்சாபில் காரிஃப் நெல் அறுவடையாகும்போது வானம் காய்ந்து கிடக்கும். இங்கே குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் நடக்கிறது. சம்பா அறுவடையில் பனி. இப்போது தை, மாசியிலும் மழை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற கதிர்கள் படுத்துவிட்டன. சீர்காழிப் பக்கத்து விவசாயி ஒரே சம்பாவில் நவம்பர் வெள்ளத்தையும் பிப்ரவரி மழையையும் வாங்கிக்கொண்டார்.

மழை பெய்ததும் நடைமுறை இப்படிப் போகிறது. மாநில அரசு தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். ஆணை வரும். அதற்குள் நிலைய வாசலில் கொட்டிய குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருக்கும். இரவில் தார்ப்பாயைத் தூக்கிக் கை விட்டுப் பார்த்தால் உள்ளே சூடு தெரியும். பெண்கள் விடியும் முன் வந்து நெடுஞ்சாலையின் ஓரத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே நடப்பார்கள். லாரி வந்தால் ஒதுங்குவார்கள், மறுபடி கிளறுவார்கள்.

இங்கே அரசுக்குத் தேவையான ஆய்வு மிகச் சிறியது. வட்டார மழைமானியில் அறுவடைக் காலத்தில் இத்தனை நாளில் இத்தனை மில்லிமீட்டர் பதிவானால், அந்த வட்டாரத்து நிலையங்களில் இத்தனை சதவீதம் வரை தானாகவே தளர்வு என்று முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைக்கலாம். அதற்கு 20 சதவீத ஈரத்தில் எடுத்த நெல்லை எத்தனை மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும், எந்த வகை நடமாடும் உலர்த்தி எத்தனை மூட்டைக்குப் போதும், அரிசி உடைவு எவ்வளவு கூடும் என்ற எண்கள் வேண்டும். தஞ்சாவூரிலேயே உணவுப் பதனத் தொழில்நுட்பத்துக்கென்று தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. எண்களைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாத ஊர் அன்று இது. அந்த எண்களை இந்த விதிக்காக, இந்தத் தேதிக்குள் கேட்டு எழுத ஒருவர் வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஆனால் தவிர்க்கவும் முடியவில்லை. வயலில் துளையிட்ட பிவிசி குழாயை நட்டு, மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை நீர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் தண்ணீர் மிச்சம், மீத்தேனும் குறையும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் இதைச் செய்யலாம், செய்கிறார்கள். ஆற்றுப் பாசனத்தில் இருப்பவர் எப்படிச் செய்வார்? வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் தண்ணீர் வரும் நாள் அவர் கையில் இல்லை. தம் முறை வந்த நாளில் கட்டிக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று அவருக்குத் தெரியாது. விவசாயிக்குப் பயிற்சி கொடுக்கிறோம், குழாய் கொடுக்கிறோம். மதகைத் திறக்கும் நீர்வளத் துறைக்கு அந்தப் பயிற்சியில் இடமில்லை. முறை அட்டவணையையே காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் ஏற்றபடி ஒரு பகிர்மான வாய்க்காலில் இரண்டு பருவம் நடத்திப் பார்த்து, அந்தக் குறிப்பைத் துறைக்குக் கொடுப்பதுதான் உண்மையான ஆய்வு.

கடைமடைக்கு வருகிறேன். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனோடு சீரமைத்த திட்டம் டெல்டாவில் ஆய்வும் அரசும் கைகோத்த பெரிய உதாரணம். காலநிலைக் கணிப்பைப் பார்த்து வெள்ள நீர் அளவைக் கணக்கிட்டு, கரை உயரமும் கதவணை அகலமும் தீர்மானித்தார்கள். பொறியாளரின் மதிப்பீட்டுக்குள் காலநிலை ஒரு வரியாகவே ஏறியது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கட்டிய கதவணையை இயக்குவது ஒரு லஸ்கர், அதாவது நீர்வளத் துறையின் கடைநிலைப் பாசனப் பணியாளர். எங்கள் பக்கத்துக் கடைமடை இயக்கு அணை ஒன்றில் ஷட்டரின் கடல் பக்கத்தில் சிப்பி அப்பியிருக்கும். ஆற்றுப் பக்கத்தில் ஆகாயத்தாமரை மெத்தையாகச் சேர்ந்து நிற்கும். கதவின் அடியில் ரப்பர் பட்டை கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நூலாக உள்ளே கசியும். லஸ்கர் காலையும் மாலையும் இருபுற அளவுகோலையும் பார்த்து நோட்டில் எழுதுகிறார். மழைக்காலத்தில் அவர் முன்னால் உள்ள கேள்வி ஒன்றே ஒன்று: இப்போது தூக்கலாமா, கூடாதா? கடல் மட்டம் ஆற்று மட்டத்தைவிடக் குறைந்திருக்கும் சில மணி நேரத்தில்தான் வெள்ளம் வடியும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறும் ஓதத்தில் அந்த நேரம் சுருங்குகிறது. புயல் காற்று கரையை நோக்கி அடித்தால் நாள்கணக்கில் வடியவே வடியாது. தவறான நேரத்தில் தூக்கினால் உப்பு உள்ளே ஏறிவிடும், ஊர் சும்மா விடாது. கடல் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதன் பொருள் அந்த மனிதரின் கையில் இருக்கும் இந்தச் சில மணி நேரம் குறைந்துகொண்டே போவதுதான்.

ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் ஓத நேரத்தை முன்கூட்டியே கணித்துத் தருகிறது. வானிலைத் துறை மழையைச் சொல்கிறது. அணையிலிருந்து வரும் நீரின் அளவு நீர்வளத் துறைக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்து, ஒவ்வொரு இயக்கு அணைக்கும் அடுத்த மூன்று நாட்களுக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தூக்கலாம் என்று லஸ்கரின் செல்பேசிக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்ப முடியும். அவர் எழுதி வைத்த நோட்டுகளே அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் ஆதாரம். அந்த நோட்டுகள் பிரிவு அலுவலக அலமாரியில் கரையான் அரித்துக்கொண்டிருக்க, கணினி மாதிரிக்குத் தரவு போதவில்லை என்று அறிக்கைகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நடந்து காட்டிய ஒன்றையும் சொல்கிறேன். ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். வேளாண் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாளிகளும் ரைஸ் என்ற பெயரில் செய்த வேலையில், எந்தக் கிராமத்தில் நெல் நடப்பட்டது, எங்கே நடவில்லை என்பதை அதன் வழியே வரைபடமாக்கினார்கள். 2016-17 வறட்சியில் சம்பா விதைக்க முடியாமல்போன கிராமங்களை அடையாளம் காண்பதில் அந்த வரைபடம் காப்பீட்டுக்குப் பயன்பட்டது. ஏன் பயன்பட்டது? விதைக்க முடியாத நிலைக்கு இழப்பீடு என்ற விதி ஏற்கெனவே காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தது. அதற்கு ஒரு கெடு இருந்தது. அந்தக் கெடுவுக்குள் கிராமவாரியான பதில் தேவைப்பட்டது. ஆய்வு அந்த விதியின் அளவுக்குத் தன்னை வெட்டிக்கொண்டது.

இதே காப்பீட்டில் எதிர்மாறாகவும் நடந்தது. வயல் மூழ்குவதைத் தனி வயல் அளவிலான பேரிடராகக் கருதி இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல்லை 2018இல் நீக்கினார்கள். மூழ்கிய பயிரின் இழப்பை மதிப்பிடுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த ஆண்டே கஜா வந்தது. பிறகு நிவர், புரெவி, சீர்காழி மழை. 2025 நவம்பரில்தான் மத்திய அரசு அதை மறுபடி சேர்ப்பதாக, 2026 காரிஃப் பருவம் முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. மூழ்கிய பயிரின் இழப்பை எப்படி அளப்பது என்ற கேள்வி ஏழு ஆண்டுகள் திறந்தே கிடந்தது. எத்தனை நாள், எந்த வயதில், எத்தனை உயரத்துக்கு மூழ்கினால் மகசூல் எவ்வளவு குறையும் என்று டெல்டா ரகங்களுக்கு ஓர் எளிய அட்டவணை இப்போதாவது வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் வரப்பில் நின்று கண்ணளவில் எழுதுவார். சேறு படிந்த சப் 1 பயிரைச் செத்தது என்றும், பச்சையாகத் தெரியும் அழுகிய பயிரைப் பிழைத்தது என்றும் எழுத வாய்ப்பிருக்கிறது.

ஆய்வுக்கும் அரசின் முடிவுக்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்தில் யாரை உட்காரவைப்பது? மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டெல்டாவில் காலநிலை என்பது முதலில் தண்ணீரும் நெல்லும். நீர்வளத் துறை, வேளாண்மைத் துறை, நெல் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகிய மூன்றின் நாட்காட்டியும் அறிந்த ஒருவரை அந்த இயக்கத்தில் முழுநேரமாக அமர்த்த வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் மூன்று துறைகளும் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எடுக்கப் போகும் முடிவுகளையும் அவற்றின் தேதிகளையும் எழுதி ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு நிதி தருபவர்களும் அறிக்கை எத்தனை பக்கம் என்று கேட்பதை விட்டு, எந்தத் தேதியின் எந்த முடிவுக்கு என்று கேட்கட்டும்.

மிகப் பெரிய தேதி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 419 டிஎம்சியிலிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். 20 டிஎம்சி இருப்பதாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கணக்கில் சேர்த்தது. இந்தப் பங்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்றும் சொன்னது. அதாவது 2033 வரை.

நிலத்தடி நீர் இருக்கிறது என்பது வேறு, அது பயிருக்கு ஆகும் என்பது வேறு. என் பெரியப்பா இன்றும் பம்ப்செட் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாய்க்காலில் விடுவார். "தம்பி, முன்பெல்லாம் சித்திரைக் கடைசியில்தான் கரிக்கும், இப்போது பங்குனியிலேயே கரிக்கிறது, இதை எங்கேயாவது எழுது" என்றார் என்னிடம். அவர் நாக்கு சொல்வதை நீதிமன்றம் ஏற்காது. கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை, கடலிலிருந்து உள்நோக்கிச் செல்லும் கோடுகளில் கிணறுகளைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே முறையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனையும் நீர்மட்டத்தையும் அளந்து, அளவீட்டாளரின் கையொப்பத்தோடு பதிவேட்டில் ஏற்றினால் ஏற்கும். 2026 கோடையில் தொடங்கினால் 2033க்கு முன் ஏழு கோடைகளின் தொடர் கையில் இருக்கும். 2031இல் தொடங்கினால் ஒன்றிரண்டு கோடைகள்தான் மிஞ்சும்; அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் அளக்க வேண்டிய கிணறுகளின் பட்டியலைப் பெரியப்பாவும் அவர் வயதுக்காரர்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கிணறு எந்த ஆண்டில் தோண்டியது, எத்தனை அடி ஆழம், எப்போது கைவிட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. பதிவேட்டின் படிவத்தை நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு ஏற்கும் வடிவத்தில் போட்டுத் தர ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பங்குனிக்குள் முதல் மாதிரிகளை எடுத்தாக வேண்டும்.